பன்னிரண்டு பிறந்தநாள் அட்டைகள்

கார்டக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். வாழ்த்து அட்டையை விரலால் தடவிப் பார்த்தால் கோபம். ஓரத்தை மடக்கிப் பிடித்தால் கோபம். "இது மெஷின்ல பண்ணதா?" என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அன்றைக்கு அந்த ஆளுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கல்யாணம், குழந்தை பிறந்தது, வேலையிலிருந்து ஓய்வு, சண்டை போட்ட நண்பனிடம் மன்னிப்பு என்று வாயால் சொல்ல வராததையெல்லாம் அட்டையில் சொல்லிவிட அவள் வீட்டு மாடிப்படி ஏறினார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் பதினேழு வருஷம் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் வேலை பார்த்தவள். எல்லாம் அலுவலக முத்திரைகள். 'பெறப்பட்டது', 'சரிபார்க்கப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது'. "ஊர்ல பாதிப் பேரை நிராகரிச்சது என் கைதான்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஒருநாள் மீந்துபோன ரப்பர் துண்டில் ஒரு குருவியைச் செதுக்கி, தாளில் குத்தி, வண்ணம் தீட்டித் தங்கையின் பிறந்தநாளுக்குக் கொடுத்தாள். தங்கை அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் நாலு பேரிடம் காட்ட, நாலு பேரும் எனக்கு உனக்கு என்று கேட்க, கடை வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையை வளர்த்ததே அவள்தான் என்பதால் அதற்கு நேரம் இருக்கவில்லை என்பாள். இவள் கோபத்துக்கு எவன் ஈடுகொடுப்பான் என்பாள் தங்கை. இரண்டிலும் உண்மை இருந்தது.

ஜன்னலோரம் மேசை. முதலில் தண்ணீர் பட்டாலும் கலையாத கறுப்பு மையில் படத்தைக் குத்துவாள். அது காய்ந்த பிறகுதான் தூரிகை. வெளிர் நிறத்தில் தொடங்கி, ஈரம் இருக்கும்போதே ஓரத்தில் அடர்நிறத்தை வைத்து இழுத்தால் இலைக்கு உருண்டை வந்துவிடும். கடைசியில் எழுத்து. வரி கோணக்கூடாது என்பதற்காக ஒரு பேனாவால் மெல்லிய கோடு போட்டுக்கொண்டு, அதன் மேல் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குத்தி, பொன்னிறப் பொடியைத் தூவி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைப் பிடிப்பாள். சூட்டில் பொடி உருகிப் பளபளக்கும். அதே சூட்டில் அந்தப் பேனாக் கோடு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். சூடு பட்டால் மறையும் மை அது. பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள், அவளும் அந்த நேரத்தில் மட்டும் கோபப்பட மாட்டாள்.

தங்கைக்கு நோய் வந்தபோது அவளுடைய மகளுக்கு ஆறு வயது. தங்கை கணவர் கப்பலில் எந்திரம் பார்ப்பவர், வருஷத்தில் இரண்டு முறைதான் கரை. ஆகவே தங்கையும் மகள் குட்டியும் கார்டக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மருத்துவர்கள் மூன்று மாதம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுப் பிறகு நேராகவே சொல்லிவிட்டார்கள். தங்கை அதைக் கேட்டு அழவில்லை. மறுநாள் காலையில் அக்காவைக் கூப்பிட்டுப் பன்னிரண்டு அட்டை கேட்டாள். ஏழாவது பிறந்தநாளிலிருந்து பதினெட்டாவது வரைக்கும், வருஷத்துக்கு ஒன்று. உள்ளே தான் எழுதிவிடுவதாகவும், அந்தந்த வருஷம் அந்தந்தப் பிறந்தநாளில் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

எந்த வயதுக்கு என்ன படம் என்பதையும் அவளே சொன்னாள். ஏழுக்குக் கரடி, எட்டுக்கு சைக்கிள், பத்துக்கு மழையில் குடை. பதினெட்டு வந்ததும் நின்றுவிட்டாள்.

"அதுக்கு என்ன படம்னு எனக்குத் தெரியலக்கா. அப்ப அவ எப்படி இருப்பான்னு தெரிஞ்சாத்தானே?"

கார்டக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் அழுதுவிட்டு வந்தாள்.

அட்டை முழுசாக முடியாமல் உள்ளே எழுத விடமாட்டாள் அவள். அது தொழிலில் அவளுடைய சட்டம். இந்த முறைதான் அதைத் தளர்த்தினாள். நீ பொறுமையாக வண்ணம் தீட்டி முடிக்கும் வரைக்கும் நான் இருக்க வேண்டுமே என்று தங்கை கேட்டுவிட்டாள். மடித்த வெற்று அட்டைகளையும் தன்னிடமிருந்த நல்ல மைப்பேனாவையும் கொடுத்தாள். இரண்டு வரி எழுதியதும் தங்கையின் கை நடுங்கி எழுத்து பிசகியது. அடித்து எழுதினாள், மறுபடியும் பிசகியது. மூன்று அட்டைகள் வீணாயின. மருத்துவர் சொன்னபோது அழாதவள் அந்த மூன்றாவது அட்டைக்கு அழுதாள். "என் பொண்ணுக்கு அடிச்சு கிறுக்கின கார்டையா குடுக்கறது?"

அக்காவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. மேசைக் குவளையிலிருந்து கைக்கு வந்த பேனாவை எடுத்து நீட்டினாள். "இந்தா, இது அழிக்கற பேனா. பின்பக்கத்தால தேய்ச்சா போயிடும். எத்தனை தடவை வேணும்னாலும் தப்பு பண்ணு." கோடு போடுகிற அதே பேனா. தேய்க்கிற சூட்டில்தான் அந்த மை அழிகிறது என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கியதைப் பார்த்த சந்தோஷத்தில் புத்தி அதற்கு மேல் போகவில்லை.

ஒன்பது நாள் எழுதினாள் தங்கை. எழுதுவதும் தேய்ப்பதுமாக இருந்தாள். முடித்த பிறகு ஒரே ஒரு சத்தியம் வாங்கினாள். நீ படிக்கக் கூடாது, அவள்தான் முதலில் படிக்க வேண்டும். அடுத்த மாதம் போய்விட்டாள்.

குட்டி அழவில்லை. பெரியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துப் பயந்தார்கள். அவளுடைய அப்பா கப்பலுக்குத் திரும்புகிற அன்றுகூட வாசல்வரை வந்து கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியம்மாவிடம் ஒண்டவும் இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள், விருந்தாளி மாதிரி இருந்தாள். அழாததற்குக் காரணம் போகப் போகத்தான் தெரிந்தது. பிறந்தநாளைக்கு அம்மா பேசுவேன் என்று சொல்லியிருக்கிறாளாம். நாட்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தாள். கார்டக்கா அந்த நாட்காட்டியைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். ஒரு குழந்தையின் கண்ணீரைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருப்பது அந்த அட்டைகள்தான் என்றால், அவை எவ்வளவு நன்றாக இருக்க வேண்டும்?

ஆகவே வாழ்க்கையில் எந்த அட்டைக்கும் செய்யாத வேலையை இவற்றுக்குச் செய்தாள். கரடியின் ரோமத்துக்கு மட்டும் நாலு பழுப்பு. ஒவ்வொரு அட்டையிலும் வயதைப் பொன் எண்ணில் பொறித்து, ஒரு பூச்சு உருகியதும் இன்னொரு பூச்சுப் பொடி, அதற்கு மேல் இன்னொன்று என்று எண் திரண்டு நிற்கும்படி செய்தாள். வழக்கமாக அட்டையை விரித்து வைத்துத்தான் சூடு காட்டுவாள். விரித்தால் உள்ளே இருப்பது கண்ணில் படுமே. சத்தியம் சத்தியம்தான். ஒவ்வொன்றையும் மடித்தபடி மூன்று பக்கமும் கிளிப் போட்டு இறுக்கி, மூடிய அட்டையின் மேல் ஹீட் கன்னைப் பிடித்தாள். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அவ்வளவு நேர்மை.

பிறந்தநாள் காலையில் பள்ளிச் சீருடையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள் குட்டி. உறையை வாங்கி, அட்டையை உருவிக் கரடியை ஒருமுறை பார்த்தாள். திறந்தாள். அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள், உறையின் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா இதுல எழுத மறந்துட்டாங்களா?"

கார்டக்கா அட்டையை வாங்கிப் பார்த்தாள். வெள்ளை. அலமாரிக்கு ஓடி மற்ற பதினொன்றையும் திறந்தாள். எல்லாம் வெள்ளை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது பேனா அழுத்திய தடம் மட்டும் அங்கங்கே தெரிந்தது. அப்போதுதான் தான் கொடுத்த பேனா எது என்பது நினைவுக்கு வந்தது. அலமாரிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கீழே பள்ளி வண்டி ஒலி எழுப்பியது. குட்டி பையை மாட்டிக்கொண்டு, "பரவாயில்ல பெரியம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஏழு வயதில் சொல்கிற வார்த்தையா அது? நாலு அறை வாங்கியிருந்தால்கூட கார்டக்காவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எவ்வளவு நேரம் அங்கேயே இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. திடீரென்று கேக் கடைக்காரர் நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஐஸ்கிரீம் கேக்கோடு வைக்க அட்டைகள் வாங்கிப்போனவர், மறுநாளே சண்டைக்கு வந்தார். கேக் பெட்டியோடு உறைபெட்டியில் வைத்த அட்டைகளில் அவள் போட்ட கோடெல்லாம் மறுபடியும் வந்துவிட்டதாம். சூட்டில் போனது கடுங்குளிரில் திரும்பும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டவள், அன்றைக்கும் அவரோடுதான் சண்டை போட்டாள்.

வீட்டுக் குளிர்பெட்டியை அவள் நம்பவில்லை. பன்னிரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிக்கொண்டு கேக் கடைக்கு நடந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் பெரிய உறைபெட்டியிலிருந்து டப்பாக்களை வெளியே எடுத்து இடம் செய்து கொடுத்தார், அவள் உட்கார ஒரு ஸ்டூலும் போட்டார். மூன்று மணி நேரம் அதன் பக்கத்திலேயே இருந்தாள். வாடிக்கையாளர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போய்வந்தார்கள். சாமி கும்பிடுகிற வழக்கம் இல்லாதவள் அன்றைக்கு யாரையோ கெஞ்சினாள்.

முதல் அட்டையை எடுத்தாள். எழுத்து வந்திருந்தது. சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக, ஆனால் தங்கையின் கையெழுத்துதான், அந்த நடுக்கத்தோடு. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் ஏதோ தப்பாக இருந்தது. கடைசியில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. குளிருக்கு எது எழுதி வைத்தது, எது தேய்த்து அழித்தது என்று தெரியுமா? தங்கை ஒன்பது நாளாக அழித்ததும் சேர்ந்து எழுந்து வந்திருந்தது.

படிக்க மாட்டேன் என்ற சத்தியத்தை நினைத்து அந்த இடத்திலேயே மூடிவிட்டாள். மற்றவற்றில் எழுத்து இருக்கிறதா என்று ஓரத்தில் மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மை மறுபடி போய்விடக் கூடாது, இந்த ஒன்றையாவது அழியாத மையால் அப்படியே மேலெழுதிவிட வேண்டும் என்று பேனாவையும் மைப் புட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு குட்டிக்காகக் காத்திருந்தாள்.

மாலையில் வந்தவளிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள். குட்டி அட்டையை மேசையில் விரித்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். குட்டிக்கு ஏழு வயசு. பல் விழுந்திருக்கும். அதுக்காகச் சிரிக்கிறப்ப வாயை மூடாதே. அதுவரைக்கும் தெளிவாக இருந்தது. கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது.

"இங்க ரெண்டு இருக்கு பெரியம்மா. ஒன்னு மேல ஒன்னு."

கார்டக்கா குனிந்து பார்த்தாள். அடியில், தேய்த்ததில் இன்னும் மங்கலாக இருந்தது: அம்மா எப்பவும் உன்கூடவே இருப்பேன். அதைத் தேய்த்துவிட்டு அதே இடத்தில், அதே அளவில் எழுதியிருந்தது: பெரியம்மா எப்பவும் உன்கூடவே இருப்பா. கோவக்காரிதான், பயப்படாதே.

பேனாவைக் கையில் எடுத்தாள். எதை மேலெழுதுவது? அடியில் இருப்பதை எழுதினால் பொய். மேலே இருப்பதை எழுத அவள் கைக்குத் தைரியம் இல்லை.

"இதுல எதை அழிச்சாங்க?" என்று கேட்டாள் குட்டி.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். அந்த முகத்தைப் பார்த்து வரவில்லை.

"அம்மான்னு எழுதினதைத்தான் அழிச்சிருக்கா."

"அம்மாவேவா?"

"ஆமாடா கண்ணு. அம்மாவே."

குட்டி அந்த வரியை மறுபடி பார்த்தாள். உதடு முதலில் கோணியது. பிறகு ஐந்து மாதமாக உள்ளே இருந்தது எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. அம்மா வேணும் அம்மா வேணும் என்று கையையும் காலையும் உதறிக் கத்தினாள். மைப் புட்டி கவிழ்ந்து மேசையெல்லாம் ஓடியது. அட்டையை மட்டும் எட்டி எடுத்து ஒதுக்கிவிட்டு, கார்டக்கா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கும் வேணும்டா, எனக்கும் வேணும் என்று அவளும் சேர்ந்து அழுதாள். யாரோ அட்டை வாங்க வந்து கதவைத் தட்டினார்கள். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். குழந்தை அழுது ஓய்ந்து, இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போகிறவரைக்கும் கார்டக்கா இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.