தன்னையே ஏட்டி என்று கூப்பிட்டவள்

என் மதினி ஆடுகளோடு பேசுவாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு புதூர்ப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். மேய்ச்சலுக்குப் பத்திக்கொண்டு போகையில், "ஏ கருத்தவளே, உளுந்துக்குள்ள வாய வைக்காத, நல்ல பிள்ளல்லா" என்பாள். அதட்டுகிற பேச்சாக இருக்காது. ஆடும் கேட்டுக்கொண்ட மாதிரிதான் தலையைத் திருப்பும்.

தன்னோடு அவள் பேசிய பேச்சு வேறு. தலைப்பிள்ளை உயிரில்லாமல் பிறந்து, வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் அது என் காதில் விழ ஆரம்பித்தது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கோவில்பட்டியில் ஒரு செல்போன் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அடுப்படியில் மதினி முணுமுணுப்பாள். "ஒரு பிள்ளையச் சொமக்கத் துப்பில்ல. நீயெல்லாம் எதுக்கு இருக்க?" பால் பொங்கி வழிந்தாலும் அதே பேச்சு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அதே பேச்சு. யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அண்ணனும் எத்தனையோ தடவை சொன்னான். எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை. சோறு குறைந்தது, தூக்கம் போனது. கல்யாண வீடு, சடங்கு வீடு எதற்கும் போவதில்லை. ஆடுகளோடு பேசுவதைக்கூட விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். கரிசல் சேறாகிக் கிடந்தது. காலை வைத்தால் செருப்பை வாங்கிக்கொள்ளும். கடைக்கு லீவு என்பதால் நான் வீட்டில் இருந்தேன். தொழுவத்தில் ஒரு வெள்ளாடு, முதல் ஈத்து, காலையிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது. மதினிதான் பக்கத்தில் உட்கார்ந்து குட்டியை வாங்கினாள். குட்டி அசையவில்லை. மூக்கைத் துடைத்து, வாயில் ஊதி, துணியால் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தாய் ஆடு திரும்பித் திரும்பி அதை நக்கி, மெல்லிய குரலில் கத்தியது.

மதினி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அழாத தாயி. ஒம்மேல என்ன தப்பு இருக்கு? நீ நல்லாத்தான் சொமந்த. ஒன்னால ஆனதெல்லாம் செஞ்ச. நீ என்ன செய்வ?"

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். அழுது முடித்ததும், "இந்த வாயில்லாச் சீவனுக்குச் சொல்லுதேன். எனக்கு ஒரு நாளாவது சொன்னேனா?" என்றாள்.

அடுத்த வாரம் அவளே கேட்டாள், "பெரியாஸ்பத்திரில மனசுக்குப் பாக்குத டாக்டர் இருக்காவளாமே, கூட்டிட்டுப் போறியா?" போனோம். டாக்டர் மாத்திரை எழுதினார். நிறைய நேரம் பேசவும் செய்தார். மதினி ஆட்டைப் பற்றிச் சொன்னதும் முன்னால் சாய்ந்து கேட்டார்.

"அதே மாதிரி உங்ககிட்டயும் பேசுங்க. ஆனா நம்ப முடியாததச் சொல்லாதீங்க. எல்லாம் சரியாப் போச்சுன்னு சொன்னா மனசு ஏத்துக்காது. உங்களால நம்ப முடிஞ்சத மட்டும் சொல்லுங்க."

அதை மதினி அப்படியே பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அடுப்படியில் வேறு பேச்சு கேட்டது. எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி, தன்னைத்தானே ஏட்டி என்று கூப்பிட்டுக்கொள்வாள். "ஏட்டி, எந்திரி. நேத்தும் முடியாதுன்னுதான் படுத்துக் கெடந்த. பெறகு எந்திரிச்சல்லா." கஞ்சி குடித்தால், "குடிச்சிட்டியா, அது போதும்" என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். பக்கத்து வீட்டில், புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூடக் கேட்டார்கள். மதினி அசரவில்லை. "ஊரு ஏசுனா கேக்கேன். நானே நல்லது சொன்னா கேக்கக் கூடாதா?" என்றாள்.

ஒரே சீராக ஏறிவிடவில்லை அவள். சில நாள் பழைய ஏச்சு வந்துவிடும். பாதியில் தன்னைப் பிடித்து நிறுத்தி, "இது பழைய பேச்சு. விடு" என்பாள். விட முடியாத நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் படுத்துக்கொள்வாள். படுத்ததற்காகத் தன்னை ஏசிக்கொள்ள மாட்டாள். ஒரு மனுஷி தன் மனசை இப்படி அள்ளி அள்ளி மேட்டில் ஏற்றியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கே குடிவந்தேன். வளைகாப்பு வைத்தார்கள். ஊரிலிருந்து வேன் பிடித்து எல்லோரும் வந்தார்கள். மதினியும் வந்திருந்தாள். ஆனால் கூட்டத்துக்குப் பின்னால், கதவோரம் நின்றாள். முதல் வளையல் யார் போடுவது என்று பேச்சு வந்ததும், "மதினி போடட்டும்" என்றேன்.

எங்கள் அத்தை முகம் சுளித்தாள். "நல்ல காரியத்துல அவ எதுக்கு? பிள்ள தங்காதவ."

மதினியின் உதடு அசைவதைப் பார்த்தேன். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அத்த, எனக்கும் பிள்ள பெறந்துச்சு. பத்து மாசம் சொமந்துதான் பெத்தேன். நானும் தாய்தான். அவ ஆசையாக் கேக்கா, நான் போடுதேன்."

குரல் உயரவில்லை. என் மாமியார் வளையல் தட்டை எடுத்து மதினியிடம் நீட்டினார். மதினி என் கையைப் பிடித்து, ஒவ்வொரு வளையலாக நோகாமல் ஏற்றினாள். கன்னத்தில் சந்தனம் பூசினாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "கதவுகிட்ட நின்னு என்ன சொல்லிக்கிட்டீங்க மதினி?" என்று கேட்டேன்.

"கை நடுங்கும், நடுங்கட்டும், வளையல் ஒடையாதுன்னேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பரிமாறுகிறவரை நிறுத்தி, புளியோதரை இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னாள்.