வேலிமேல் வெள்ளை

டமாரிஸ் குவில்லியத்துக்கு வாய் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். இங்கிலாந்தின் வை நதியில் சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கிற கூட்டத்தில் அவள் கணவன் எலை என்பவனும் ஒருவன். ஒரு குளிர்கால வெள்ளம் அவனைக் கொண்டுபோனது. அவளுக்கு மிஞ்சியது அந்த வாயும், ஒரு சலவைத் தொட்டியும், வீட்டை ஒட்டித் தெற்கே பார்த்த சரிவில் ஓடிய முள்வேலியும்தான். வாயை வைத்து யாரும் சம்பாதித்ததில்லை. வேலியை வைத்துத்தான் அவள் பிழைத்தாள்.

ஊருக்கு அந்த வேலி வெறும் முள். டமாரிஸுக்கு அது தொழில். மரச்சாம்பலை ஊறவைத்து வடித்த காரநீரில் போட்டு அடித்து, ஆற்றில் அலசி, படுக்கை விரிப்புகளை வேலிமேல் விரித்துவிட்டால் போதும். முள் பிடித்துக்கொள்ளும், காற்று தூக்காது, காலையில் விழுகிற வெயில் சாயங்காலம்வரை விலகாது. துறைக்குப் பக்கத்து விடுதியின் துணி முழுவதும் அவளிடம்தான் வந்தது. அந்தக் காலத்தில் வெளியூர்க்காரர்கள் விடுதி அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் போர்வைக்கடியில் கையைவிட்டுத் தடவிப் பார்ப்பார்கள். ஈர விரிப்பில் படுத்து நெஞ்சில் சளி கட்டிச் செத்தவர்கள் கதை எல்லோரிடமும் ஒன்று இருந்தது. டமாரிஸ் வெளுத்த விரிப்பில் ஈரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, இருந்தால் என்ன தப்பு.

அவள் இருந்த குடிசையும் நிலமும் மேலே மாளிகையில் இருந்த லிடியட் துரைக்குச் சொந்தம். அவருடைய அப்பா எல்லாவற்றையும் மழுமழுவென்று வைத்துக்கொண்டவர். ஜன்னலிலிருந்து பார்த்தால் பச்சைப் புல்லைத் தவிர ஒன்றும் தெரியக்கூடாது என்று ஒரு வரிசை வீடுகளையே இடித்துத் தள்ளினார். மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்ததால் டமாரிஸின் குடிசை தப்பித்தது. மகன் கைக்கு நிலம் வந்தபோது நாகரிகம் தலைகீழாகிவிட்டது. நிலம் என்றால் பழைய ஓவியம் மாதிரி இருக்க வேண்டுமாம். கரடுமுரடும் பாசியும் சிதைவும்தான் அழகாம். அப்பா சமன்படுத்திய புல்வெளியை மகன் ஆள்வைத்து மேடும் பள்ளமுமாகக் கொத்தினார். நேராக இருந்த பாதையை வளைத்தார். பட்டுப்போன கருவாலி மரம் ஒன்றை எருதுகள் கட்டி இழுத்துவந்து குன்றின்மேல் நட்டார்.

"தண்ணி ஊத்தணுங்களா ஐயா?" என்று நட்ட ஆட்களில் ஒருவன் முகத்தை வெகு சாதுவாக வைத்துக்கொண்டு கேட்டான். "வேண்டாம், வேண்டாம்" என்று துரை அக்கறையாகப் பதில் சொன்னார். அன்று சாயங்காலம் சாராயக் கடையில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்தச் சீர்திருத்தத்தில் டமாரிஸ் வீட்டை மறைத்த மரங்களும் போயின. குடிசை படத்துக்குள் வந்துவிட்டது. கூரையில் பாசி படர்ந்திருந்ததைப் பார்த்துத் துரை பூரித்துப்போனார். ஒழுகுகிறது, வேய்ந்து கொடுங்கள் என்று கேட்டதற்கு, பாசியில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினார். அப்பா அசிங்கம் என்று கூரையைக் கவனிக்கவில்லை, மகன் அழகு என்று கவனிக்கவில்லை. மழை இரண்டு பேர் காலத்திலும் ஒரே இடத்தில்தான் ஒழுகியது.

அதையாவது பாத்திரம் வைத்துச் சமாளிக்கலாம். வெள்ளை விஷயம்தான் அவள் கழுத்தைப் பிடித்தது. அந்த ரசனைக்காரர்களுக்கு வெள்ளை ஆகாது. பச்சையும் பழுப்புமாக இழைந்திருக்கிற இடத்தில் ஒரு பளிச் வெள்ளை விழுந்தால் கண் அங்கேயே போய் நின்றுவிடுமாம், படம் கெட்டுவிடுமாம். மே மாதம் பயணிகளின் படகுகள் வரத் தொடங்கியதும் மாளிகைக் கணக்குப்பிள்ளை டட்ஜ் வந்து, இலையுதிரும்வரை வேலிமேல் துணி கூடாது, வேண்டுமானால் வீட்டுக்குப் பின்னால் காயப்போட்டுக்கொள் என்றான். வீட்டுக்குப் பின்னால் சூரியன் எட்டிப் பார்த்ததே இல்லை.

டமாரிஸ் நேராக மாளிகைக்குப் போனாள். லிடியட் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், பொறுமையாக விளக்கினார்.

"வெள்ளைதான் டமாரிஸ் சிக்கலே. கொஞ்சம் பழுப்பா வெச்சுக்க முடியாதா?"

"பழுப்பை எடுக்கத்தாங்க ஐயா எனக்குக் காசு குடுக்கறாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இறங்கிவரவில்லை. "உன்கிட்ட சிவப்பு அங்கி ஒண்ணு இருக்குல்ல? விருந்தாளிங்க வர்றப்ப அதைப் போட்டுக்கிட்டு ஓடை பக்கம் நின்னா ரொம்ப நல்லாயிருக்கும்."

"நான் நிக்கலாம், என் துணி நிக்கக் கூடாதா?"

"மறுபடி வேலிமேல துணியைப் பார்த்தா, அறுப்பு முடிஞ்சதும் வீட்டை வேற ஆளுக்கு விட வேண்டியதாயிடும்." நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். வருத்தப்பட்டுக்கொண்டே வெளியேற்றுகிறவரிடம் சண்டைகூடப் போட முடியாது. வீடு திரும்புகிற வழியெல்லாம் அவளுக்குக் கண்ணைக் கரித்தது.

ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயவைத்தாள். துணியில் புகைநாற்றம் ஏறியது. விடுதிக்காரி ஹெஸ்டர் அவளுடைய சிறுவயதுத் தோழி. அவளே ஒருநாள் விரிப்பை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஏண்டி, இது படுக்கிற விரிப்பா, பன்றிக்கறி புகைபோட்ட துணியா?"

"துரைகிட்டப் போய்க் கேளு. இந்த அழகைப் பார்க்க வர்றவங்க ராத்திரி மரத்துலயா தொங்கப் போறாங்க? அது மட்டும் அவருக்குத் தோணல."

"எனக்கு விருந்தாளி முக்கியம்டி. இப்படியே போனா அக்கரைக்காரிகிட்டத்தான் போடணும். சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டாதே." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "பென்ரடாக் சீமாட்டி வர்றாங்க. உன் துரை இந்த வசந்தம் முழுக்க அவங்களுக்காகத்தான் மண்ணைக் கொத்திக்கிட்டிருந்தாரு. அவங்க ஒரு இடத்தை நல்லாயிருக்குன்னா லண்டனே நல்லாயிருக்குங்கும். பார்க்கிறது அவரு வீட்டுல, படகுக் கூட்டத்தோட படுக்கிறது நம்ம விடுதியில. விரிப்பு நல்லதா குடு."

அந்த வாரம் முழுக்க மழை. சீமாட்டி வருகிற அன்றுதான் வெயிலடித்தது. முந்தைய நாள் துவைத்த விரிப்புகள் தொட்டியருகில் கனமாகக் கிடந்தன. பாதி ஈரத்தோடு கொடுத்துவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்று ஹெஸ்டர் ஆள் அனுப்பினாள். அந்த அம்மாள் நெஞ்சுக்குத் தெரியும் என்று பதில் அனுப்பிவிட்டு, டமாரிஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இந்த வீடு போனால் கைக்குழந்தைகளோடு திண்டாடும் தங்கை வீட்டு மூலைதான் என்று தெரியும். தெரிந்தே முதல் விரிப்பை உதறி வேலிமேல் போட்டாள். அப்புறம் மற்றவற்றையும் போட்டாள். சரிவு நெடுகப் பளீரென்று இருந்தது.

மதியத்துக்குமேல் மாளிகை மேடையில் கூட்டம் தெரிந்தது. சீமாட்டி இந்த ரசனைக்காரர்களின் வழக்கப்படி காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, காட்சியை ஓவியம் மாதிரி காட்டுகிற கையடக்கக் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, அதில் தெரிகிற ஆற்றையும் மலையையும் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று திரும்பி நேராகவே பார்த்தாள். உடனே டட்ஜ் சரிவில் ஓடிவந்தான். வந்த வேகத்தில் ஒரு விரிப்பின் முனையைப் பிடித்து இழுத்தான்.

"இழு, நல்லா இழு. முள்ளுல கிழிஞ்சா உன் சம்பளத்துலதான் புதுசு வாங்கணும்" என்றாள் டமாரிஸ்.

அவன் கையை எடுத்தான். மேலே வந்து துரைக்கு நீயே பதில் சொல்லிக்கொள் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

மேடையில் லிடியட் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். சீமாட்டி கைக்குட்டையை வாயில் வைத்து இருமிக்கொண்டிருந்தாள். இருமல் நின்றதும், "அந்த வெள்ளை என்ன?" என்று கேட்டாள்.

"மன்னிக்கணும். இப்பவே எடுக்கச் சொல்லிடறேன்" என்றார் லிடியட்.

டமாரிஸ் குறுக்கே பேசினாள். "இன்னிக்கு ராத்திரி நீங்க படுக்கப்போற விரிப்புங்க அம்மா."

சீமாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காஞ்சிருச்சா?"

"இன்னும் கொஞ்ச நேரம் வெயில் வேணும்மா. அதுக்கு முன்னாடி எடுத்தா ஓரமெல்லாம் ஈரமிருக்கும்."

"லிடியட், இந்த ஆத்துல ஒரு வாரமா வர்றேன். எல்லா இடமும் அழகுதான். எல்லா இடத்துலயும் ஈரத்துலதான் படுத்தேன். என் இருமலைக் கேட்டீங்கல்ல? அந்த விரிப்புல யாராவது கை வெச்சா நான் உங்களோட பேசமாட்டேன்."

லிடியட் தலையாட்டினார். ஒரு வசந்தம் முழுவதும் உழைத்தவர், பாவம். சீமாட்டி கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுவிட்டு, "நீயும் இங்கேருந்து பாரு. பார்த்ததுண்டா?" என்று டமாரிஸைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள்.

டமாரிஸ் பார்த்தாள். ஆறு தெரிந்தது, காடு தெரிந்தது, பாசிக் கூரை தெரிந்தது. அப்புறம் டட்ஜ் இழுத்துவிட்ட விரிப்பு மெல்லச் சரிவது தெரிந்தது. கீழே இருந்தது துரை இயற்கையாக இருக்கட்டும் என்று கரையை இடித்துவிட்ட சேற்றுக் குட்டை.

"ஐயையோ, குட்டையில விழப்போகுது" என்று அவள் கிளம்புவதற்குள் சீமாட்டி, "அது என்னோடது லிடியட்" என்றாள்.

லிடியட்டுக்கு நீளக் கால்கள். அவரே வளைத்த பாதையில் போனால் நேரமாகும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நேரே புதருக்குள் இறங்கி ஓடினார். தொப்பி ஒரு பக்கம் போனது, டட்ஜ் தொப்பியின் பின்னால் போனான். சேற்றுக்கு ஒரு சாண் மேலே விரிப்பை அப்படியே அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். டமாரிஸ் மூச்சுவாங்க வந்து சேர்ந்தபோது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

அவள் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துவிட்டிருந்தது. ஓரம்கூடக் காய்ந்திருந்தது.

"அந்த ரெண்டு முனையையும் பிடிங்க ஐயா. தனியா மடிக்க முடியாது."

பிடித்தார். இழுத்து உதறினார்கள். எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் அவர் ஒருமுறை இடப்பக்கம் போய், ஒருமுறை வலப்பக்கம் போய், கடைசியில் அவள் சொன்னபடி முனைகளைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். வெயிலில் கிடந்த துணியின் சூடு அவர் கையில் இருந்தது. அதை அவர் இதற்குமுன் தொட்டதே இல்லை போல, இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

"திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் போட்டுக்கோ" என்றார்.

"வெயில் கிழமை பார்த்தா வருது ஐயா?"

லிடியட் சரிவு முழுவதையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அடுத்த விரிப்பின் முனையை முள்ளிலிருந்து பதமாக விடுவித்து எடுத்தார்.

"சரி. வெயிலடிக்கிறப்பவெல்லாம் போட்டுக்கோ. இந்த முனைதானே எனக்கு?"