மீன் கண்ணுக்குத் தெரியாத வலையில் டெனிஸ்

பிள்ளைகளே, டெனிஸ் பந்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்துத்தான் கடற்கரையில் கிரிக்கெட் விளையாடுகிறீர்கள். ஆனால் டெனிஸ் என்ற விளையாட்டை நேரில் பார்த்தவர்கள் முன்பு எங்கள் ஊரில் பெரியவர்களிலேயே இருக்கவில்லை. நானும் பார்த்ததில்லை, மகளுடைய பள்ளிக்கூடத்துக்கு அந்த விளையாட்டு ரீச்சர் வந்து சேரும் வரை.

நான் முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்கிறேன். மகளுக்குப் பத்து வயது. ரீச்சர் வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். வரும்போது எட்டு டெனிஸ் மட்டைகளை அரிசிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்தார். அவை அவருக்குச் சொந்தமானவை அல்ல. அவருக்குப் பழக்கமான ஒரு பயிற்றுநர் இரவலாகக் கொடுத்தவை. மாத முடிவுக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் மட்டைகள் எங்கள் ஊரிலேயே இருக்கும். சேராவிட்டால் ஓமந்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்விடும்.

சேர்ந்தவர்கள் ஐந்து பேர். என் மகள் அதில் ஒருத்தி. மட்டையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்பதால், பூவரசங் காயை அகப்பையால் குசினிச் சுவரில் அடித்துப் பழகினாள். "அகப்பை கறிக்கடி, காய்க்கில்லை" என்று தாய் பேசுவாள். அவள் கேட்டால்தானே!

ரீச்சர் பின்னேரங்களில் வீடு வீடாகப் போனார். "வெயிலுக்குள்ள நிண்டு பிள்ளை கறுத்துப் போவாள்" என்றார்கள். "கிரிக்கெட் எண்டா ரீவியில வரும், இது ஆருக்கு?" என்றார்கள். ரீச்சர் வாதாடவில்லை. கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த படலையைத் திறப்பார். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போதும் அதே ஐந்து பேர்தான்.

விளையாடும் இடம், கூரை போன பழைய மண்டபத்தின் சீமெந்துத் தரை. நடுவில் ஒரு கயிறுதான் கட்டியிருந்தார்கள். பந்து கயிற்றுக்கு மேலால் போனதா கீழால் போனதா என்று தினமும் சண்டை. ஒருநாள் ரீச்சர் என்னிடம், "அண்ணா, பழைய வலை ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார்.

"வலையோ! ஆரிட்டக் கேக்கிறியள் ரீச்சர்? நாளைக்கு வந்து பாருங்கோ" என்றேன்.

பழைய வலை கொடுக்க மனம் வரவில்லை. பாரை மீனுக்கென்று வைத்திருந்த, பெரிய கண் உள்ள தங்கூசி வலையை எடுத்தேன். தங்கூசி என்பது கண்ணாடி போன்ற நைலோன் நூல். அதில் தலை நுழைக்கும் மீன் செவுளில் மாட்டி நிற்கும். மண் நிரப்பிய இரண்டு தகரப் பீப்பாய்களில் தடி நட்டு, ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துக் கட்டினேன். எங்களுக்கு நல்ல வலை என்றால் மீன் கண்ணுக்குத் தெரியாத வலை. நான் அந்த நினைப்பில்தான் இருந்தேன்.

ரீச்சர் வந்தார். இரண்டு தடிகளையும் பார்த்தார்.

"அண்ணா, வலையை இன்னும் கட்டேல்லையோ?"

"உங்களுக்கு முன்னுக்குத்தான் ரீச்சர் நிக்குது."

அவர் இருட்டில் நடப்பவர் போலக் கையை நீட்டிக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னோடு ஒரே படகில் தொழிலுக்கு வருபவர் அவர். "மச்சான், டெனிஸ் பந்துக்கும் செவுள் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு, தரையில் வலை போட்ட விசரனைப் பார்க்க வாருங்கள் என்று ஊரையே கூப்பிட்டார். சிரிக்க வந்த பிள்ளைகள் உடைந்த சுவரின் மேல் வரிசையாக ஏறி இருந்தார்கள்.

மகள் முதல் பந்தை அடித்தாள். வலை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. பந்து வலையின் ஒரு கண்ணுக்குள் பாதி புகுந்து, இறுகி, அந்தரத்தில் நின்றது. சுவரில் இருந்தவர்கள் கூவினார்கள். மகளின் முகம் கறுத்தது. மற்ற நான்கு பேரும்கூட நாளைக்கு வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ரீச்சர் பந்தைப் பிடித்து இழுக்க இழுக்க நூல் இன்னும் இறுகியது.

அப்போது சுவரிலிருந்து ஒரு சிறுமி குதித்தாள். மகளின் வகுப்புத்தான். வெயிலில் கறுத்துப் போவாள் என்று தாய் மறித்த பிள்ளை. பந்தை வந்த பக்கமே தள்ளி, இரண்டு விரலால் நூலை விலக்கி, நான் கிட்டப் போவதற்குள் கழற்றிவிட்டாள். ஆனால் பந்தைக் கொடுக்கவில்லை.

"ரீச்சர், மீன் கழட்டினா கறிக்குப் பங்கு இருக்கு. பந்து கழட்டினா என்ன பங்கு?"

எங்கள் கரையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. படகு வந்ததும் வலையிலிருந்து மீன் கழற்ற யார் கை கொடுத்தாலும், யார் எவர் என்று பாராமல் கறிக்கு மீன் கொடுத்துத்தான் அனுப்புவோம். வெறுங்கையோடு ஒருவரும் போவதில்லை. ஆனாலும் எனக்கு வெட்கமாகிவிட்டது. "ரீச்சரோட இப்பிடியே கதைக்கிறது?" என்று அதட்டினேன்.

ரீச்சர் சிரிக்கவில்லை. சந்தையில் விலை பேசுகிற மாதிரி நின்றார். "என்ன பங்கு வேணும்?"

"பத்து அடி. மட்டையால."

"அஞ்சு."

"ஏழு தாங்கோ ரீச்சர். நூல் விரலை அறுத்துப்போட்டுது, பாருங்கோ."

"சரி, ஏழு."

முதல் ஆறையும் மண்டபத்துக்கு வெளியே அடித்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையையும் தூக்கி, "சிக்ஸ்!" என்றாள். சுவரில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன்.

"இதில சிக்ஸ் இல்லை. வெளியில போனா மற்றவவுக்குத்தான் புள்ளி" என்றார் ரீச்சர்.

"அப்ப பலமா அடிக்கிறதே பிழையோ?"

"பலமாவும் அடிக்கலாம். கோட்டுக்குள்ள விழ வேணும். அதுதான் கெட்டித்தனம்."

ஏழாவது பந்தை அவள் யோசித்து அடித்தாள். அது வலைக்கு மேலால் போய்க் கோட்டுக்குள் விழுந்தது. மகள் ஓடிப்போய்த் திருப்பினாள். அவளும் திருப்பினாள். நான்கு தரம் பந்து போய் வந்தது. சுவரில் இருந்தவர்களின் தலைகளும் பந்தோடு அங்கும் இங்கும் திரும்பின. கடலில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஆனால் இரண்டு சின்னப் பிள்ளைகள் ஒரு பந்தைத் தவறவிடாமல் காப்பாற்றுவதைப் பார்க்கும்போது மூச்சுவிட மறந்துபோகும் என்று அன்றுதான் அறிந்தேன்.

பிறகு சுவரில் இருந்தவர்கள் எல்லோரும் பந்து எப்போது வலையில் மாட்டும் என்று பார்த்திருந்தார்கள். மாட்டினால் ஓடிவருவார்கள். கழற்றினவருக்கு ஏழு அடி. தடித்த கறுப்பு வலை கொண்டுவந்து மாற்றுகிறேன் என்றேன். "இப்ப வேண்டாம் அண்ணா, மாதம் முடியட்டும்" என்றார் ரீச்சர். யாரும் ஓடிவந்து மோதாமல் இருக்க மேல் ஓரத்தில் மட்டும் சிவப்புத் துணி கட்டிவிட்டார்.

நான்காம் நாள் அந்தச் சிறுமியின் தாய் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பயந்தேன்.

"என்ர பிள்ளை ஒவ்வொரு நாளும் பங்கு வாங்கிறாளாம். பங்கு வாங்கினா ஆளாச் சேந்து நிக்க வேணும், அதுதானே முறை. பேரை எழுதுங்கோ ரீச்சர். தொப்பி ஒண்டு மட்டும் போட்டு விளையாடட்டும்."

அவரைப் பார்த்து மற்றத் தாய்மாரும் வந்தார்கள். கடைசி நாளில் கொப்பியில் பதினான்கு பெயர் இருந்தது. ரீச்சர் அந்த இடத்திலேயே பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுத்து, "சேர், ஓமந்தைக்கு வேற மட்டை தேடுங்கோ" என்றார். மறுநாள் நான் கறுப்பு வலையைக் கட்டினேன். அதற்குப் பிறகும் ஒருவரும் வராமல் விடவில்லை.

மகளின் சந்தோசம் அன்று பின்னேரம் வரைக்கும்தான். மட்டை எட்டு, ஆள் பதினான்கு. முன்பு நினைத்த நேரமெல்லாம் அடித்தவள், இப்போது வரிசையில் காத்து நின்றாள்.

"ஆக்கள் கூடிப்போச்சப்பா" என்றாள் சிணுங்கிக்கொண்டு.

"அப்ப கொஞ்சப் பேரை வீட்ட அனுப்பச் சொல்லி ரீச்சரிட்டக் கேப்பமே?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். அங்கே தொப்பி போட்ட அந்தச் சிறுமி, மூலைக்குப் போன பந்தை எட்டிப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாமப்பா. அவளோட விளையாடினாத்தான் எனக்கும் ஓடி ஓடி அடிக்க வருது."

பின்னால் நின்ற பிள்ளை, "கதைச்சது காணும், தள்ளு!" என்று அவளை முன்னே தள்ளினாள்.