கூலர் புல்

நேற்று எங்கள் டெல்லி ஜனக்புரி வீட்டுக்கு, காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினை சர்வீஸ் பண்ண ஒருவர் வந்தார். ஃபில்டரை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். வாங்கும்போது வெள்ளையாக இருந்த சமாசாரம், கரிச்சட்டி நிறத்துக்கு வந்திருந்தது. "பாருங்கள் அங்கிள்ஜி, இதெல்லாம் உங்கள் நெஞ்சுக்குப் போகவேண்டியது" என்றார் இந்தியில், ஏதோ நான் பரீட்சையில் பாஸானதுபோல. "பேக் பண்ணிக் கொடுங்கள், மாப்பிள்ளைக்கு அனுப்பலாம்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஃபில்டரிலிருந்து ஒரு மக்கல் வாசனை வந்தது.

தொண்ணூறுகளில், மோதி பாக்கில் ஓர் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் பின்னறையில் நானும் கோமதிநாயகமும் குடியிருந்தோம். நான் கும்பகோணம், அவன் சங்கரன்கோவில் பக்கம். நான் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அவனுக்கு ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை ஏறக்குறைய கிடைத்துவிட்டது. ஜூனில் மெடிக்கல் டெஸ்ட் மட்டும் பாக்கி. சமையல் அவன் பொறுப்பு, கூலர் என் பொறுப்பு. எனக்குச் சமைக்க வராது என்பதால் வந்த ஏற்பாடு. கூலரும் வராது என்பது பிறகுதான் தெரிந்தது.

டெல்லிக் கூலரைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னலில் ஓர் இரும்புப் பெட்டி. மூன்று பக்கமும் கம்பி வலைக்குள் புல் திணித்திருக்கும். அது தண்ணீரைக் குடித்துக் காற்றைக் குளிர்விக்கும். வருகிற புழுதியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் வருஷா வருஷம் மாற்றவேண்டும். ஏப்ரல் வந்தால் சைக்கிளில் மலைபோல் புல்லைக் கட்டிக்கொண்டு, "கூலர் கீ காஸ் பதல்வா லோ!" என்று, கூலர் புல்லை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கூவிக்கொண்டு வருவார்கள்.

"ஏல, மறக்காம புல்லை மாத்திருல. சின்ன வயசுல எனக்கு இழுப்பு உண்டு. தூசி ஆவாது பாத்துக்க" என்று இரண்டுமுறை சொன்னான் கோமதி.

"ஆச்சுடா" என்றேன்.

ஆகவில்லை. வலையைக் கழற்றினால் கையெல்லாம் கீறும். எனவே உள்ளே இருந்த பழைய புல்லின்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, வெட்டிவேர் சென்ட் ஒரு பாட்டிலைத் தெளித்தேன். சுவிட்சைப் போட்டதும் அறையே கோயில் பிராகாரம்போல் மணத்தது. "புதுப் புல்லு வாசனையே தனிடே" என்று கோமதி கண்ணை மூடி இழுத்துச் சுவாசித்தான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மே மாதம் அவன் இரும ஆரம்பித்தான். விடிகாலையில் உட்கார்ந்துகொண்டு மூச்சுக்குத் தேடுவான். நெஞ்சுக்குள் யாரோ நாதஸ்வரத்துக்குச் சீவாளி பார்ப்பதுபோல் சத்தம். அதையே அவனிடம் சொல்லிச் சிரித்தேன். "ஒரு தவிலும் வெச்சுண்டா முகூர்த்தத்துக்குப் போயிடலாம்டா." அவனும் சிரித்தான், சிரித்ததில் இன்னும் இழுத்தது. வெக்கை தாங்காமல் கூலருக்கு இன்னும் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்ட் முடிந்து வந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான். "குழாய்ல ஊதச் சொன்னான். ஊதுனேன். முள்ளு பாதிகூட ஏறல. அன்ஃபிட்டாம்."

"டெல்லித் தூசுடா. எல்லாருக்கும் இப்படித்தான்" என்றேன்.

அவன் கூலரைப் பார்த்தான்.

நாலாம் நாள் அவன் ஊருக்குப் புறப்பட்டான். ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். சாயங்காலம் திரும்பி வந்தால், கூலரின் மூன்று பக்கமும் புத்தம் புதுப் புல். தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. கதவோரம் பழைய புல், ஒழுங்காகக் கயிறு போட்ட கட்டாக இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். கறுப்புச் சேறு, சாம்பல் பூசணம், ஒரு புறாச் சிறகு. அதற்குமேல் லேசாக வெட்டிவேர்.

அவனுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். மூன்றரைப் பக்கம் கேலி. மீதி அரைப் பக்கத்தில் சொல்லவேண்டியதைத் தொடங்கினேன். அதிலும் ஒரு ஜோக் வந்து உட்கார்ந்துகொண்டது. பதில் வந்தது: "சுகம். இருமல் குறைஞ்சிருக்கு. கூலருக்குத் தண்ணி ஊத்துதியா?" அதற்கு நான் பதில் போடவே இல்லை.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். ஏப்ரலில் எங்கள் தெருவில் புல்காரர் குரல் கேட்பதில்லை. கேட்டால், கை கீறினாலும் பரவாயில்லை என்று ஓடிப்போய் வாங்கிவிடுவேன். மாட்டக் கூலர் இல்லை. அதன் முன்னால் பாயைப் போட்டுக்கொள்ள, என்னை நம்பி இழுத்துச் சுவாசிக்க, அவனும் இல்லை.