செத்தேன் அண்ணன்

லிஃப்ட் மெக்கானிக்கை ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் "செத்தேன் அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார்கள். பாழடைந்த கிடங்கு ஒன்றில், நிஜம் போலவே இருக்கும் துப்பாக்கிகளால் பிளாஸ்டிக் குண்டு சுட்டு விளையாடுகிற கூட்டம் அது. நடுவர் கிடையாது. குண்டு பட்டவர் தானே "செத்தேன்" என்று கத்திக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பலர் பட்டதைத் தடவிக்கொண்டு ஒன்றும் தெரியாத பூனை மாதிரி நிற்பார்கள். இவரோ, குண்டு சட்டையை உரசிப் போனாலே ஊருக்கே கேட்கும்படி செத்துப்போவார்.

செத்தவர்களுக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. "அதுக்குள்ளயா அண்ணே? வாங்க, உக்காருங்க" என்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அதற்காகவே இவர் கொஞ்சம் அவசரமாகச் சாகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

அந்தத் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. அவரைப் பார்க்க வந்திருந்த அக்காவுக்குப் பரம திருப்தி.

"பொம்மைன்னு உனக்குத் தெரியும்டா. எதிர்ல வர்றவனுக்குத் தெரியுமா?"

"நியாயம்தான்க்கா" என்றவர், காவல் நிலையத்தில் தன் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வந்தார்.

"அப்புறம் ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"லிஃப்ட் நின்னாதான்க்கா என்னை யாராவது தேடுவாங்க. அங்க பத்து பேர் தேடினாங்க. சுடத்தான், ஆனாலும் தேடினாங்க."

அக்கா ஊருக்குப் போன பின் வந்த ஞாயிறு, வீட்டுக் கதவு நிலையில் அவர் முழங்கை நன்றாக இடித்தது. பழக்கதோஷம். கையைத் தூக்கி, "செத்தேன்" என்று கத்திவிட்டார்.

பிறகு கையை இறக்கிக்கொண்டு, கட்டிலில் ஓர் ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.