தலைகீழாய் நின்ற கோபுரங்கள்

1998-இல் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படாத ஆள் யாரென்று கேட்டால், சௌடையா மகள் ஜீவிதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். தறிக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், கம்ப்யூட்டரிடம் மட்டும் இங்கிலீஷ். மூன்றிலும் வாய் ஓயாது.

அவள் வேலை பார்த்த ஸ்டுடியோவின் முதலாளி சங்கரலிங்கம், கம்ப்யூட்டருக்குத் தனி அறை கட்டி, செருப்போடு யாரும் உள்ளே போகக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். சாமி சன்னதிக்குக் கொடுக்கிற மரியாதை அதற்கு. ஜீவிதா முதல் நாள் போட்டோஷாப்பைத் திறந்து ஒரு படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கடைசியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா நெய்யும் சேலைக்கரைக்கு கிராப் தாளில் கட்டம் நிரப்பிக் கொடுத்தே வளர்ந்த கை அவளுடையது.

"இதுக்காண்ணே பயந்தீக? எங்க வீட்டு கிராப் நோட்டுத்தான இது" என்றாள்.

அவர் நம்பவில்லை. கல்யாணப் படத்தைச் சுற்றி டிசைன் போட்டு பிரேம் செய்து கொடுக்க, மதுரையில் ஒரு ஆளைப் பேசி வைத்திருந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற ஜென்மம். ஜீவிதா விடவில்லை. முதல் பிரேமை நான்தான் செய்வேன் என்று நின்றாள்.

"சரி, செய்யி. சொதப்பிட்டேன்னா அந்த நாற்காலியில மதுரைக்காரரு உக்காருவாரு. நீ ரசீது எழுதப் போயிரணும்" என்றார்.

"எழுதுறேன். ஆனா சொதப்ப மாட்டேன்."

வந்து சேர்ந்தது எம்.ரெட்டியபட்டி பலசரக்குக் கடை தனுஷ்கோடியின் மணிவிழாவுக்கான தம்பதி படம். திருச்சுழிக் கோயிலில் விழா. அதற்கு முந்தைய நாள் காலை அவர் மனைவி கோகிலாம்பாள் படத்தை வாங்க வருவதாக ஏற்பாடு. ஜீவிதா மூன்று நாள் உட்கார்ந்தாள். ஒரு கோபுரத்தைக் கட்டம் எண்ணி வரைந்தாள். அதையே நகலெடுத்து வரிசையாக ஒட்டினாள். அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள். ஒரு கோணல், ஒரு பிசிறு கிடையாது. நாலு பக்கமும் கோபுரங்கள் உச்சியைப் படத்தின் பக்கம் நீட்டி நின்றன.

கோகிலாம்பாள் வந்தார். படத்தைக் கையில் வாங்கினார். முகம் சுண்டிப்போயிற்று.

"ஏத்தா, அவுக தலைக்கு மேல கோபுரமெல்லாம் கவுந்து கெடக்கே. மணிவிழாவும் அதுவுமா இதை நான் எங்கிட்டுக் கொண்டுபோய் மாட்ட?"

ஜீவிதாவுக்குக் காது மடல் சுட்டது. சேலையில் இரண்டு கரையும் ஒன்றையொன்று பார்த்துத்தான் இருக்கும். தறியில் எதைத் தலைகீழ் என்று சொல்வது? அவள் தெருவில் அப்படி ஒரு கேள்வியே யாருக்கும் எழுந்ததில்லை. ஆனால் சுவரில் மாட்டுகிற படத்துக்கு மேல் உண்டு, கீழ் உண்டு. எந்த மடச்சிக்கும் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

சங்கரலிங்கம் ரசீதுப் புத்தகத்தை எடுத்து அவள் பக்கமாக நகர்த்தினார்.

அவள் அதைத் தொடவில்லை. "தப்பு என்னுதுதாம்மா. சேலை ஞாபகத்துல போட்டுட்டேன். உங்களுக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?"

"பதினொண்ணரைக்கு."

"அதுக்குள்ள தாரேன். காப்பி சாப்பிட்டு உக்காருங்க."

மேல் வரிசையைத் திருப்புவது நொடி வேலை. பக்கவாட்டில் படுத்துக் கிடந்த கோபுரங்கள்தான் வம்பு செய்தன. எப்படித் திருப்பினாலும் அசிங்கமாக இருந்தன. சட்டென்று இரண்டு வரிசையையும் அழித்தாள். சேலை முந்தியில் வரும் பட்டைக்கோடுகளைச் செங்குத்தாக நிறுத்தித் தூண் ஆக்கினாள். கீழே இருந்த கோபுரங்களையும் எடுத்துவிட்டு மூன்று படி போட்டாள். பிரிண்டர் கரகரவென்று ஒவ்வொரு வரியாக இறக்கியது.

கோகிலாம்பாள் இந்தத் தடவை படத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மேலே கோபுரம், இரு பக்கமும் தூண், கீழே படி. நடுவில் அவரும் கணவரும் கோயில் வாசலில் நிற்பது போல இருந்தது.

"வெள்ளி, செவ்வாய்னு கூப்பிட்டாலும் கோயில் பக்கம் வராத மனுசன். கல்லாவை விட்டு நகர மாட்டாக" என்றார். கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது. "இனி வருசம் பூராவும் வாசல்லயே நிக்கட்டும்."

நரிக்குடியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதே மாதிரி இரண்டு வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார்.

சங்கரலிங்கம் தொண்டையைக் கனைத்தார். ஒப்புக்கொள்வது அவருக்குச் சுலபமாக வருகிற காரியமில்லை. முன்னறைக்குப் போய் மதுரைக்குப் போன் போட்டார். இரண்டு வார்த்தை பேசியதும் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மதுரைக்காரர வர வேணாம்னு சொல்லத்தான் போன் போட்டேன். 'காலையிலயே உங்க கடைப் பொண்ணு சொல்லிருச்சே'ங்கிறாரு. எப்ப சொன்ன?"

"அந்தம்மா காப்பி குடிக்கிறப்ப" என்றாள் ஜீவிதா.

"அப்ப நீ இன்னும் திருத்தவே ஆரம்பிக்கலையே."

"ஆமாண்ணே. ஆரம்பிச்சுட்டா போன் பண்ண நேரம் இருக்காதுல்ல."