என் பையைத்தான் முதலில் திறக்கச் சொன்னார்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம். பெங்களூரில் அத்திபெலே போகிற வழியில் இருந்த ஒரு வாட்டர் பார்க்கில், பெண்கள் உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஈரத்தரையைத் துடைப்பேன். வருகிறவர்கள் மறந்துவிட்டுப் போகும் கொலுசு, கம்மலை எடுத்து ஆபீசில் கொடுப்பேன். ஒரு முறை தங்கச் சங்கிலியையே கொடுத்திருக்கிறேன். இதை எங்கே வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

அன்று, பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நான்கு பெண்கள் வந்தார்கள். ஒரே கூச்சல். மூன்று பேர் முதலில் வந்து உடை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான்காவது பெண் வந்து பார்த்தால், ஆணியில் மாட்டியிருந்த சுடிதாரைக் காணோம். நனைந்த நைலான் உடையோடு நடுங்கிக்கொண்டே அழுதாள். மனசு கேட்காமல், என் மாற்றுப் புடவையை எடுத்து அவளுக்குச் சுற்றிவிட்டேன். வெளியே அழைத்து வந்தேன்.

டிக்கெட் கவுண்டர் பக்கம் அந்த மூவரும் காத்திருந்தார்கள். அங்கே நின்றிருந்த மானேஜரிடம் சுடிதார் காணாமல் போனதைச் சொன்னேன். அந்த மூவரில் நெட்டையானவள் கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்: “ஆயாதான் அங்கிள் உள்ளேயே இருந்தாங்க. வேற யாரு எடுப்பா?”

“சும்னே நேரம் ஆக்காதேம்மா. பேகைத் தொற, பாத்துடலாம்” என்றார் மானேஜர், கன்னடம் கலந்த தமிழில்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்கத் திறந்தேன். சோற்று டப்பா, சீப்பு, வெற்றிலை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். அந்தப் பிள்ளைகளின் பையைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே!

கவுண்டரில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் சூடம் இருந்தது. ஒன்றைக் கொளுத்தி, “நான் எடுக்கலை” என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். எங்கள் ஜனங்களுக்குள் அதற்கு மேல் வழக்கு கிடையாது. இன்னொன்றைக் கொளுத்தினேன்.

“இப்ப நீ அணை கண்ணு. நாங்க எடுக்கலைன்னு சொல்லி அணை. ரிசல்ட் வேற வரணுமில்ல?”

நெட்டை கையை நீட்டினாள். பக்கத்தில் இருந்தவள் அலறிவிட்டாள்.

“வேணான்டி! கணக்குல எனக்கு ஏற்கெனவே டவுட்டுடி!”

அலறியவளே தன் பையிலிருந்து சுடிதாரை உருவிப் போட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மானேஜரும் சிரித்தார். “சின்னப் பசங்க, லீவுல வெளையாடுதுங்க. விடும்மா.”

“வெளையாட்டா சார்? அது கெடைக்காம போயிருந்தா நாளைக்கு எனக்கு இங்க வேலை இருக்குமா?”

அவர் வரிசையில் நின்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். மூவரும் தோழியைக் கட்டிக்கொண்டு ‘ஸாரிடி, ஸாரிடி’ என்றார்கள். என் பக்கம் ஒருத்தியும் திரும்பவில்லை.

இன்று அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும். அந்த வயதில் செய்த சேட்டை என்று இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால், அத்தனை பேர் நடுவில் பையைத் திறந்து காட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள் என்பதையும் விடாமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போதும் சிரிப்பு வந்தால், அவர்கள் இன்னும் வளரவில்லை என்றுதான் நான் சொல்வேன்.